கீழ் வரிசைச் செடிகள்: யாரும் பார்க்காதபோது நன்றாக வேலை செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டில் காபித் தோட்டங்களில் 26 ஆண்டுகளாக மேற்பார்வை வேலை பார்க்கிறேன். அதற்கு முன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தாய்மாமாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். தோட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களும், பட்டறையில் இன்றும் உட்கார்ந்திருக்கும் என் உறவுக்காரப் பிள்ளைகளும், ஆய்வகத்தில் வேலை செய்யும் என் மகளும் அவளுடைய தோழிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

யாரும் பார்க்காத வேலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

எனக்குத் தெரிந்ததில் இருந்தே சொல்கிறேன். அரபிக்கா காபிச் செடிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. அது பட்டை வெடிப்பில் முட்டையிடும். பொரித்து வரும் புழு தண்டுக்குள் புகுந்து மாதக்கணக்கில் குடைந்துகொண்டே இருக்கும். வெளியில் தெரிவதெல்லாம் தண்டின்மேல் மெல்லிய மேடாக ஓடும் வரிகளும், வெளிறி வாடும் இலைகளும்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறையும் வண்டுகள் வெளியே பறக்கும். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், ஒவ்வொரு செடியாகக் குனிந்து தண்டைத் தடவிப் பார்த்து, புழு ஏறிய செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் சுமார் 1,200 செடிகள். அத்தனை முறை குனிய வேண்டும். சரிவான நிலம், அட்டை, மூடுபனி. பத்து அடிக்கு அப்பால் நிற்பவரை நீங்கள் பார்க்க முடியாது, அவரும் உங்களைப் பார்க்க முடியாது. ஒரு வரிசையை விட்டுவிட்டு மேலே ஏறி வந்து “முடிந்தது” என்று சொன்னால் அன்றைக்கு எதுவும் நடக்காது. அடுத்த வாரமும் நடக்காது. செடி காயும்போது ஒரு வருடம் போயிருக்கும். விட்டது யார் என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

பிழைக்கும் அதன் விளைவுக்கும் நடுவே இப்படி நீண்ட காலம் கிடக்கிற வேலை எதுவோ, அதைத்தான் யாரும் பார்க்காத வேலை என்கிறேன். மேலாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அலுவலகத்திலும் அப்படிப்பட்ட வேலை இருக்கிறது.

சொன்னதை ஏமாற்றாமல் செய்தால் போதாதா? சிறப்பாகவும் செய்ய வேண்டுமா?

போதாது. நல்ல மனது மட்டும் உள்ளவர் ஒரு செடியைக் கெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கவாத்து செய்யத் தெரியாமல் கத்தியை எடுத்தவர் அவர். பொய் சொல்லவில்லை, நேரத்தைத் திருடவில்லை. ஆனால் அடுத்த வருடம் காய்க்க வேண்டிய கிளைகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டார்.

பழம் பறிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் மழை விழுந்ததும் பூக்கிற அரபிக்கா, எட்டு ஒன்பது மாதம் கழித்து, பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை பழுக்கும். ஒரே கிளையில் சிவந்த பழமும் பச்சைக் காயும் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் பறித்துவிட்டுச் சில நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். கிளையை அப்படியே உருவினால் கூடை சீக்கிரம் நிறையும். ஆனால் காயின் கொட்டை காபியில் பச்சைப்புல் வாடையைக் கொண்டுவரும், கனிந்து அழுகியது புளிப்பைக் கொண்டுவரும். பறித்த பழத்தை அன்றே தோலுரிக்க வேண்டும். மறுநாளைக்கு என்று மூட்டையில் வைத்தால் அதற்குள் சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும்.

எனக்குப் பறிக்கக் கற்றுக்கொடுத்தவர் மலையாளி பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெரியம்மா. எந்தச் சிவப்பு போதும், எந்தச் சிவப்புக்கு இன்னும் மூன்று நாள் வேண்டும் என்பதை அவர் விரல் அறியும். “தம்பி, பழத்தைப் பிடித்து இழுக்காதே. லேசாகத் திருப்பு. பழுத்திருந்தால் அதுவே வரும். வராவிட்டால் விட்டுவிடு” என்பார். அவருடைய திறமையையும் நேர்மையையும் என்னால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்ததே இல்லை.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். கீழே சிதறிய பழத்தைப் பொறுக்காமல் அவர் அடுத்த செடிக்குப் போக மாட்டார். காய்த்துளைப்பான் என்னும் எள்ளளவு கறுப்பு வண்டு, இந்தியாவில் முதன்முதலாக நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் 1990-ல் கண்டறியப்பட்டது. பறிக்காமல் விட்ட பழத்திலும் தரையில் கிடக்கும் பழத்திலும்தான் அது ஓர் அறுவடையில் இருந்து அடுத்த அறுவடை வரை உயிர் பிழைத்திருக்கிறது. தரையில் கிடப்பதை யாரும் எடை போடுவதில்லை, அதற்குத் தனிக் கூலியும் இல்லை. அவர் பொறுக்கினார்.

கூலி குறைவு. நான் ஏன் முழு மனதோடு உழைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் யாரும் உபதேசம் செய்யக் கூடாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, பச்சைக் காயைப் பறிக்காதே என்று சொல்வது முதலாளியின் பக்கத்துத் தவறு. உருவிப் பறிப்பவருக்கு அதிகம் கொடுத்துவிட்டு, பொறுக்கிப் பறிப்பவரிடம் இருந்து நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. நான் இருக்கும் தோட்டத்தில், பழத்தில் காய் குறைவாக இருந்தால் கிலோவுக்குக் கூடுதல் கூலி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவர மூன்று பருவம் வாதாட வேண்டியிருந்தது. கொண்டுவந்த பிறகு கூடைகளின் நிறமே மாறிவிட்டது.

ஆகவே கூலியைக் கேளுங்கள். சேர்ந்து கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். ஆனால் அந்தக் கோபத்தை வேலைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். அரைகுறையாகச் செய்த வேலை முதலாளியின் காதில் விழாது. அது வேறு யாரோ ஒருவருடைய கையில் போய்ச் சேரும். அவரோடு உங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை.

வாங்குகிறவருக்குத் தெரியவே போவதில்லை என்றால் யாருக்கு நஷ்டம்?

பட்டறைக்குப் போகலாம். கொலுசில் கண்ணிகளையும் பூக்களையும் இணைக்க, வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலப்பு உலோகப் பொடியை வைத்துத் தீயை ஊதுவார்கள். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். பொடியில் செம்பு, துத்தநாகம் போன்றவை கலந்திருப்பதால் அது முன்பே உருகி இணைப்புக்குள் ஓடிவிடும். பொடி இல்லாமல் கொலுசு இல்லை, அதில் தவறும் இல்லை. எவ்வளவு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேவைக்கு மேல் அப்பினால் எடை கூடும். அந்த எடைக்கும் வெள்ளி விலையைத்தான் வாங்குகிறவர் கொடுப்பார். மெருகு போட்ட பிறகு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

எப்போது தெரியும்? உருக்கும்போது. பத்து, இருபது வருடம் கழித்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ கணவரின் மருத்துவச் செலவுக்கோ ஒரு பெண் அந்தக் கொலுசைக் கடைக்குக் கொண்டுபோகும் நாளில். உருக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சொல்லும் தொகை அவர் மனக்கணக்கில் வைத்திருந்ததைவிடக் குறைவாக இருக்கும். அவர் கடைக்காரரைச் சந்தேகப்படுவார், இல்லாவிட்டால் தன் தலைவிதி என்பார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருபது வருடத்துக்கு முன்பு ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தவரை அவர் நினைக்கவே மாட்டார்.

சேலத்தில் இருந்து தாரமங்கலம் போனால் கைலாசநாதர் கோயிலில் தூண் சிற்பங்களைப் பாருங்கள். ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டையிடுகிறார்கள். வேறொரு தூணில் ராமன் வில்லோடு நிற்கிறான். ராமன் அருகே நின்று பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி அருகே நின்று பார்த்தால் ராமன் தெரிவதில்லை. என்னை ஒன்பது வயதில் அங்கே கூட்டிக்கொண்டு போன மாமா சிற்பியின் கணக்கை வியந்தார். நானும் வியந்தேன். பட்டறைக்கு வந்த பிறகுதான் அந்த இரண்டு தூண்களும் வேறு விதமாக மனதில் நின்றன. நான் ஊதும் இடத்தில் இருந்து கொலுசு போடப்போகும் காலை என்னால் நினைத்துப் பார்க்க முடியும். அந்தப் பெண்ணால் என்னைப் பார்க்க முடியாது. நினைத்துப் பார்க்கும் வசதி என்னிடம் மட்டும் இருக்கும்போது, அந்தப் பொறுப்பும் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மட்டும் நேர்மையாக இருந்தால் பிழைக்க முடியுமா?

மாமாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. குறைந்த விலை சொன்ன பட்டறைக்கு ஆர்டர் போன மாதங்கள் உண்டு. பண்டிகைக்கு முந்தைய மாதம்கூட அப்படிப் போயிருக்கிறது. நேர்மைக்கு உடனே கூலி கிடைக்கும் என்று நான் சொன்னால் அது பொய்.

அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். சுத்தம் குறைந்த வெள்ளியில் மலிவாகக் கொலுசு கேட்டால் மறுக்காமல் செய்து கொடுப்பார். ஆனால் பில்லில் எத்தனை ‘டச்’, அதாவது நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி, என்று எழுதித்தான் கொடுப்பார். அறுபது என்றால் அறுபது. மலிவான பொருள் செய்வது தவறில்லை, அதை உயர்ந்தது என்று சொல்வதுதான் தவறு என்பது அவர் கணக்கு. இந்த வித்தியாசம் புரியாததால்தான் பலர் நேர்மை என்றாலே நஷ்டம் என்று பயப்படுகிறார்கள்.

முதலாளியே தவறாகச் செய்யச் சொன்னால்?

முதலில் என்ன நடக்கும் என்பதை விவரமாகச் சொல்லுங்கள். “இது தர்மம் இல்லை” என்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “இந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் கிடங்கில் பூஞ்சை பிடிக்கும், பக்கத்து மூட்டைகளும் போகும்” என்றால் யோசிப்பார். பெரும்பாலான சமயங்களில் அவசரத்தில் சொன்ன சொல்தான், தீர்மானித்த ஏமாற்று இல்லை.

தீர்மானித்த ஏமாற்றுதான் என்றால், உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள். பிறர் உடம்புக்கு ஆபத்து என்றால் வேலையே போனாலும் செய்யாதீர்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சொல் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கேமராவும் ஹால்மார்க்கும் வந்துவிட்டனவே, இனி இந்தக் கவலை எதற்கு?

சோதனைகளுக்கு நான் எதிரி இல்லை. வெள்ளிக்கும் ஹால்மார்க் இருக்கிறது. 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். 2025 செப்டம்பர் முதல் வெள்ளி நகை ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது. தங்கத்துக்கு இருப்பதுபோல இதற்குக் கட்டாயம் இல்லை, விருப்பமுள்ளவர்கள் செய்யலாம். நல்ல மாற்றம். மாமா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் அந்த முத்திரை தூய்மையை மட்டும்தான் சொல்லும். கொலுசின் உட்புறத்தை அரம் போட்டு வழவழப்பாக்கினார்களா என்று சொல்லாது. கண்ணாடிப் பெட்டியில் அடுக்கும்போது வெளிப்புறம்தான் தெரியும். உட்புறத்தில் ஒரு பிசிறு நின்றால் குழந்தையின் கணுக்கால் கீறும். அந்த அரத்துக்கு முத்திரை இல்லை.

கேமரா விஷயத்தில் என் மகள் ஒரு ஆய்வைச் சொன்னாள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தேநீரும் காபியும் எடுத்துக்கொண்டு தாங்களாகவே பெட்டியில் காசு போடும் இடத்தில், விலைப்பட்டியலுக்கு மேலே சில வாரம் பூப்படமும் சில வாரம் கண்கள் உள்ள படமும் ஒட்டினார்கள். கண்கள் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்தது என்று 2006-ல் எழுதினார்கள். பிறகு, கண் படம் இருந்தால் மனிதர்கள் தாராளமாகக் கொடுக்கிறார்களா என்று வேறு பலர் செய்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த விளைவு நிலைக்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சுவரில் ஒட்டிய கண் எத்தனை நாளைக்குக் கண்ணாகத் தெரியும்? காபி காயவைக்கும் எங்கள் களத்துக் கேமராவை முதல் மாதம் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இப்போது அதன்மேல் குருவி கூடு கட்டியிருக்கிறது.

தவறு செய்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. நானாகப் போய்ச் சொல்ல வேண்டுமா?

நான் மேற்பார்வைக்கு வந்த இரண்டாவது வருடம், செப்டம்பர் மாதம், நான்கு நாளாக மழை. அடிவாரத்துத் துண்டு நிலத்தில் கடைசி வரிசைகளுக்கு இறங்காமல் நோட்டுப் புத்தகத்தில் “தண்டு பார்த்தாயிற்று” என்று எழுதிவிட்டேன். தொழிலாளிகள் நனைந்து போயிருந்தார்கள், அவர்களை அனுப்பிவிட்டேன். அவர்களுக்காகத்தான் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுப்பியது சரி. எழுதியதுதான் தவறு.

அந்த ஒரு வரியால் வேறு யாரும் அங்கே இறங்கவில்லை. நோட்டில் இருந்ததால் முதலாளி நம்பினார், மார்ச்சில் வந்தவர்களும் அந்தத் துண்டை அவசரமாகக் கடந்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அங்கே செடிகள் வரிசையாக வாடத் தொடங்கின. நாற்பத்தொரு செடிகளைப் பிடுங்கினோம். அரபிக்கா காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். நான் வேலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ குழி தோண்டி, நிழலுக்குச் சில்வர் ஓக் வைத்து வளர்த்த செடிகள் அவை. இந்த மலையில் காபி என்பதே 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்ததில் தொடங்கி, எத்தனையோ கைகள் மாறி வந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “வேறு எந்த வரியை எல்லாம் பார்க்காமல் எழுதினாய்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் சொல்ல வேண்டும். ஒரு பொய் வரி இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற வரிகளைத் திரும்பப் பார்க்கலாம். சொல்லாவிட்டால் நோட்டு முழுவதும் நஞ்சாகிவிடும், அது யாருக்கும் தெரியாமலே இருக்கும். அன்று மாலையே உட்கார்ந்து சந்தேகமான மூன்று இடங்களைக் குறித்துக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் புழு இருந்தது. வண்டு பறப்பதற்கு முன்பே பிடுங்கிவிட்டோம்.

அன்றிலிருந்து என் நோட்டில் “பார்க்கவில்லை” என்று ஒரு தனிப் பத்தி இருக்கிறது. மழை, ஆள் இல்லை, காலில் சுளுக்கு, எதுவானாலும் எழுதுவேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் விஷயம் இதுதான். முடிக்காத வேலைக்காக நான் யாரையும் திட்டியதில்லை. முடிக்காததை முடித்ததாக எழுதிய ஒருவரை மட்டும் திட்டியிருக்கிறேன், அவர் இன்றும் எங்களோடுதான் வேலை செய்கிறார்.

எல்லாவற்றையும் குறையே இல்லாமல் செய்ய வேண்டுமா?

வேண்டாம். களத்தின் ஓரத்தை அழகாகப் பெருக்குவதில் அரை நாள் செலவழிப்பவர் காபியைக் கிளறிவிட மறந்துவிடுவார். எது பிறரைப் போய்ச் சேருமோ அங்கே கவனத்தைக் கொட்டுங்கள், மற்றது ஓரளவு இருந்தால் போதும்.

பாராட்ட ஒருவரும் இல்லையே, சோர்வாக இருக்காதா?

இருக்கும். பக்கத்தில் வேலை செய்பவரைப் பாராட்டத் தொடங்குங்கள். அவர் வேலையின் அருமை உங்களுக்குத்தான் தெரியும், கிளைக்கும் காம்புக்கும் வித்தியாசம் தெரியாத விருந்தினர் சொல்லும் ஒரு நல்ல சொல்லைவிட அது அவருக்கு இனிக்கும்.

புதியவர்களுக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

சொல்லிக் கொடுக்க முடியாது, காட்ட வேண்டும். வருகிற முதல் வாரத்தில், புழு தின்ற ஒரு தண்டை நெடுக்காகப் பிளந்து கையில் கொடுக்கிறேன். உள்ளே சுரங்கம்போல ஓடும் பாதையைப் பார்த்தவர் அதற்குப் பிறகு தண்டைத் தடவாமல் போக மாட்டார். பழம் பறிக்க வருகிறவர்களுக்கு இரண்டு தம்ளர் காபி போட்டுத் தருவேன். ஒன்று பழுத்த பழத்தில் இருந்து வந்தது, மற்றொன்று பச்சைக் காய் கலந்தது. பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்கச் சொல்வேன். காபியைத் தினமும் பறித்தும் அதைப் பால் இல்லாமல் ஒருநாளும் குடித்துப் பார்க்காதவர்கள்தான் அதிகம். இரண்டாவது தம்ளரில் முகம் சுளிப்பார்கள். அதற்குமேல் பேசத் தேவைப்படுவதில்லை.

மாமா பட்டறையில் செய்தது இன்னும் எளிது. புதுப்பையன் செய்த முதல் ஜோடிக் கொலுசை விற்க மாட்டார். அவன் தங்கைக்கோ அக்காள் மகளுக்கோ போட்டுவிடச் சொல்வார். ஒரு வாரம் கழித்துக் காலைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்.

இந்தப் பருவத்தில் புதிதாகக் களத்துக் காவலுக்கு வந்திருக்கிறேன். நான் செய்ய வேண்டியது என்ன?

காபியை மாலை நான்கு, ஐந்து மணிக்குள் குவித்து மூட வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் பனி விரைவாக இறங்கிவிடும். பகலெல்லாம் காய்ந்த பருப்பு ஓர் இரவு ஈரம் குடித்தால் மறுபடி பழைய நிலைக்கு வராது. நிறம் மங்கும், வாடை ஏறும். அதை மறுநாள் வெயிலில் காயவைத்துவிட்டால் மேலாளருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பாருங்கள். காற்று வடக்கில் இருந்து வந்தால் தார்ப்பாயின்மேல் வைத்த அந்தப் பக்கத்துக் கற்கள் நகரும். டார்ச்சை அடித்து விட்டுவிடாமல், தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் கையால் இழுத்துப் பாருங்கள். வடக்கு மூலையில் ஒரு சாண் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. போன வாரமே தைத்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை, நோட்டில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் தைத்துவிடுகிறேன். அதுவரை அந்த இடத்தில் சாக்கை இரண்டாக மடித்துப் போடுங்கள்.